ஐபிஎஸ்ஸா, விஏவா: சன்னலோர மேசைக்கு எந்தத் திரை?

நீங்கள் கேட்டது நாலு வரிதான். 27 அங்குலத்தில் இரண்டு மானிட்டர் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஐபிஎஸ், விஏ என்பவை திரைக்குள் இருக்கும் பேனலின் வகைப் பெயர்கள்; வேறுபாட்டைப் பின்னால் சொல்கிறேன். ஒன்று ஐபிஎஸ், தட்டையானது, 2560க்கு 1440 புள்ளி. மற்றது விஏ, வளைந்தது, 1920க்கு 1080 புள்ளி, 60 வெள்ளி மலிவு. மலிவானதன் பெட்டியில் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளை கறுப்பைவிட எத்தனை மடங்கு வெளிச்சம் என்ற விகிதம், 3000க்கு 1 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. விலை கூடியதில் 1000க்கு 1. போதாக்குறைக்குக் கடைக்காரர், ‘எல்சிடியெல்லாம் பழசு, இது எல்இடி’ என்று ஒரு போடு போட்டிருக்கிறார். பகலில் அலுவலகத்து எக்செல், மாலையில் தமிழ்ப் பிழைதிருத்தம், இரவில் மகனின் விளையாட்டு, மூன்றும் வரவேற்பறைச் சன்னலோரத்தில் இருக்கும் ஒரே மேசையில். எதை வாங்குவது என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது: மூன்று மடங்கு பெரிய எண் போட்ட பொருள் எப்படி விலை குறைவாக இருக்கும், அந்த எண் பொய்யா? பொய் இல்லை. அது இருட்டறையில் அளந்த எண். உங்கள் மேசை இருட்டறையில் இல்லை.

நான் இங்கே சிங்கப்பூரில் பதினெட்டு வருடமாக மானிட்டரும் டிவியும் பிரித்துப் பழுது பார்ப்பவன். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்தேன். மிச்சத்தைத் திருப்புளி பிடித்துக் கற்றேன். எந்தக் கம்பெனிக்கும் விற்பனை செய்து கொடுப்பவன் இல்லை. ஆகவே உங்கள் இரண்டு பெட்டியில் எது விலை போனாலும் எனக்கு ஒன்றுதான்.

எல்இடி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். கடையில் எல்இடி மானிட்டர் என்று விற்பது எல்சிடிதான். பின்னால் விளக்காக எல்இடி இருக்கிறது, அவ்வளவே. முன்பு அந்த இடத்தில் பென்சிலை விட மெல்லிய குளிர் கேதோடு குழல்விளக்கு இருந்தது. அதற்குள் பாதரசம், அதை எரிய வைக்க உயர் மின்னழுத்தம் தரும் இன்வர்ட்டர் பலகை. என் முதல் சில வருடச் சோறு அந்த இன்வர்ட்டர் போட்டதுதான். திரை கறுத்துவிட்டது என்று கொண்டுவருவார்கள். கைவிளக்கைச் சாய்த்து அடித்துப் பார்ப்பேன்; உள்ளே மங்கலாகப் படம் ஓடிக்கொண்டிருக்கும். திரை சாகவில்லை, பின்னால் விளக்கு அணைந்திருக்கும். இன்றைக்கும் அந்தச் சோதனை செல்லும். ஓஎல்இடி மட்டும் வேறு சாதி. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், பின்விளக்கே கிடையாது. பெயரில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், விலையில் பல நூறு வெள்ளி. எக்செல்லின் மேல்பட்டையைப் போல அசையாத ஒன்றை வருடக்கணக்கில் ஒரே இடத்தில் காட்டினால் அதில் தழும்பு விழவும் வாய்ப்புண்டு. உங்கள் வேலைக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

கைவிளக்குச் சோதனை சொல்வது இதைத்தான்: எல்சிடி திரை ஒளியை உண்டாக்குவதில்லை. பின்னால் சதா எரியும் வெள்ளை ஒளியை எந்த இடத்தில் எவ்வளவு மறைப்பது என்பதே அதன் முழு வேலை. பழைய வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் கண்ணாடிப் பட்டைகளை நெம்புகோலால் திருப்பும் சன்னல் இருக்குமே, அதைப் போல. ஆனால் உங்கள் 1440 திரையில் அப்படிப்பட்ட சன்னல்கள் ஒரு கோடியே பத்து லட்சம். 2560ஐ 1440ஆல் பெருக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றால் பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி மேலேயே படியவைத்த ஒரு டிரான்சிஸ்டர் உண்டு. எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை விநாடிக்கு அறுபது தடவையோ அதற்கு மேலோ அது சொல்கிறது.

மறைக்கும் வித்தையை நீங்களே பார்க்கலாம். போலராய்டு வெயில்கண்ணாடி இருந்தால் போட்டுக்கொண்டு, மானிட்டரைப் பார்த்தபடி தலையை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் பெரும்பாலான திரைகள் கறுத்துப்போகும். ஒளி அலை பல திசையில் அதிர்ந்து வருகிறது. திரைக்குள் பின்பக்கம் இருக்கும் முதல் போலரைசர் படலம் ஒரு திசையை மட்டும் விட்டு மற்றதை விழுங்கிவிடும். கடைசியில் இருக்கும் இரண்டாம் படலம் அதற்குக் குறுக்காக வைக்கப்பட்டிருக்கும். ஆகவே நடுவில் எதுவும் இல்லாவிட்டால் ஒளி வெளியே வரவே வராது. நடுவில் சில மைக்ரோமீட்டர் தடிமனில், தலைமுடியின் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாத அடுக்காக, திரவப் படிகம் இருக்கிறது. அது ஒளி அதிரும் திசையைத் திருப்பிவிட்டால் வெளிச்சம்; திருப்பாவிட்டால் இருட்டு. எங்கள் பட்டறையில் புதுப் பையன்களுக்கு நான் காட்டும் வேடிக்கை, உடைந்த மானிட்டரின் முன்படலத்தை உரித்துவிடுவது. திரை வெறும் வெள்ளையாகிவிடும். உரித்த படலத்தைக் கண்முன் பிடித்தால் படம் திரும்ப வந்துவிடும். இரண்டு படலமும் வண்ண வடிகட்டியும் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டபின், பின்விளக்கு தரும் ஒளியில் நூற்றுக்குப் பத்துப் பங்கு கூட உங்கள் கண்ணுக்கு வந்து சேர்வதில்லை. மானிட்டர் முதுகு சுடுவதற்கு அது ஒரு காரணம்.

இந்தத் திரவப் படிகத்தைக் கண்டவர் திரை செய்ய நினைத்தவர் இல்லை. 1888இல் ஃபிரெடிரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் பிராகா நகரில் கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்ட்ரால் சேர்மம் ஒன்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். அது 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது, 178.5 டிகிரியில் சட்டெனத் தெளிந்தது. இரண்டு தடவை உருகும் பொருளா என்று குழம்பினார். திரவம் போல ஓடும், படிகம் போல வரிசை கட்டி நிற்கும். அந்த இரண்டுங்கெட்டான் குணம்தான் இன்று உங்கள் மேசைமேல் வந்து நிற்கப்போகிறது.

இப்போது ஐபிஎஸ், விஏ. மூலக்கூறுகள் மின்சாரம் இல்லாதபோது எப்படி நிற்கின்றன, மின்சாரம் வந்தால் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதில்தான் வேறுபாடு முழுவதும். 1970இல் ஷாட், ஹெல்ஃபிரிச் இருவரும் சுவிட்சர்லாந்தில் உருவாக்கிய டிஎன் வகையில், அவை ஒரு கண்ணாடியிலிருந்து மறு கண்ணாடிக்குச் சுழல்படிக்கட்டு போல 90 பாகை முறுக்கி நிற்கும்; மின்னழுத்தம் கொடுத்தால் முறுக்கு அவிழ்ந்து இருட்டாகும். மலிவு, வேகம். ஆனால் கீழிருந்து பார்த்தால் நிறம் நெகட்டிவ் போலத் தலைகீழாகிவிடும். இதை இன்று நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. 1996இல் ஹிட்டாச்சி சந்தைக்குக் கொண்டுவந்த ஐபிஎஸ்ஸில் மூலக்கூறுகள் கண்ணாடிக்கு இணையாகப் படுத்திருந்து, படுத்தபடியே திரும்பும். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அவை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும் என்பதால் நிறம் மாறாது. விஏயில் அவை கண்ணாடிக்குச் செங்குத்தாக, அணிவகுப்பில் நிற்கும் தேசிய சேவைப் பையன்கள் போல விறைத்து நிற்கும். அப்படி நிற்கையில் ஒளியை அவை தொடுவதே இல்லை. இரண்டாம் படலம் முழுவதையும் நிறுத்திவிடும். அதனால்தான் விஏயின் கறுப்பு நல்ல கறுப்பு. மின்னழுத்தம் வந்ததும் அவை சாய வேண்டும். சாய்ந்தவற்றைப் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும். திரையை வளைப்பதற்கும் இது ஒரு காரணம்: ஓரங்களும் உங்கள் முகத்தைப் பார்த்தால் கோண வேறுபாடு குறையும்.

சரி, அந்த மூவாயிரம். இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். இரண்டு திரையிலும் வெள்ளையை 250 நிட்டுக்கு (நிட் என்பது திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். ஐபிஎஸ்ஸில் கறுப்பு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.25 நிட். விஏயில் மூவாயிரத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 0.08. இருட்டறையில் இந்த வேறுபாடு கண்கூடு. விளக்கணைத்துப் படம் பார்த்தால் ஐபிஎஸ்ஸின் கறுப்பு சாம்பலாகவும் மூலைகள் லேசாக வெளுத்தும் தெரியும். இப்போது வரவேற்பறைக்கு வாருங்கள். திரையின் மேல் 300 லக்ஸ் (வந்து விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் விழுகிறது, சொரசொரப்பான திரை அதில் நூற்றில் ஒரு பங்கைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது என்று வையுங்கள். அந்த 3 லக்ஸை நிட்டாக்க 3.14ஆல் வகுத்தால், அது மட்டுமே ஏறக்குறைய 1 நிட். வெள்ளையோடும் கறுப்போடும் அந்த ஒன்று சேர்ந்துவிடும். ஐபிஎஸ் 251க்கு 1.25, அதாவது 200க்கு 1. விஏ 251க்கு 1.08, அதாவது 230க்கு 1. பெட்டியில் மூன்று மடங்காக இருந்தது, உங்கள் மேசையில் ஆறில் ஒரு பங்கு கூடுதலாகச் சுருங்கிவிட்டது. மாலை நாலு மணிக்கு மேற்கு வெயில் அடிக்கும் பிளாக் என்றால் அதுவும் கரைந்துபோகும். நூற்றில் ஒரு பங்கு என்பது நான் கணக்குக்கு எடுத்த எண். ஒவ்வொரு திரையின் பூச்சுக்கும் அது மாறும். ஆனால் கணக்கு போகும் திசை மாறாது.

ஆகவே அந்த 60 வெள்ளியை முடிவுசெய்ய வேண்டியது கான்ட்ராஸ்ட் அல்ல, எழுத்து. நீங்கள் தமிழ் பிழைதிருத்துபவர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆங்கிலம் மட்டும் படிப்பவருக்கு இவ்வளவு தூரம் சொல்ல மாட்டேன். 27 அங்குலத்தில் 1080 என்றால் அங்குலத்துக்கு 82 புள்ளி, ஒரு புள்ளி 0.31 மில்லிமீட்டர். 1440 என்றால் 109 புள்ளி, 0.23 மில்லிமீட்டர். ஆங்கிலச் சிற்றெழுத்து 82 புள்ளியில் கொஞ்சம் தடித்துத் தெரியும், படித்துவிடலாம். தமிழில் ஒரு ‘ணை’க்குள், ஒரு ‘ஞ’வுக்குள் எத்தனை வளைவு என்று எண்ணிப் பாருங்கள். அந்த வளைவுகளுக்கெல்லாம் இடம் கொடுக்கப் புள்ளி போதாது, சுழிகள் அடைபட்டுவிடும். ‘கண’வா ‘கண்’ணா என்பது தலைக்கு மேலிருக்கும் ஒரு புள்ளியில் நிற்கிறது. காலும் ரகரமும் இடம் மாறித் தட்டச்சான பிழை, பிழைதிருத்துபவருக்குப் பரம்பரைப் பகை. சின்ன எழுத்தில் ‘ா’வின் காலும் ‘ர’வின் காலும் ஒன்றாகத் தெரிந்தால் நீங்கள் எதைப் பிடிப்பீர்கள்? எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்தான், அப்போது 27 அங்குலம் வாங்கிய பயன் போய்விடும். 1080தான் வாங்குவேன் என்றால் 24 அங்குலத்தில் வாங்குங்கள், அங்குலத்துக்கு 92 புள்ளி கிடைக்கும். பணம் இருந்தால் 27இல் 4கே, 163 புள்ளி. அச்சுக் காகிதத்துக்குக் கிட்டே வரும். விண்டோசில் 150 விழுக்காடாகப் பெரிதாக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுத்தைப் பற்றி இன்னொன்று, கடைகளில் யாரும் சொல்லாதது. எழுத்தோரத்தை மிருதுவாக்க விண்டோஸ் ஒரு புள்ளிக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகளைத் தனித்தனியே பயன்படுத்துகிறது. கீற்றுகள் அந்த வரிசையில்தான் இருக்கும் என்று நம்பிச் செய்கிறது. சில பேனல்களில் வரிசை தலைகீழாக இருக்கும். அவற்றில் எழுத்தோரம் சிவப்பும் நீலமுமாகப் பிசிறடிக்கும். விண்டோசில் கிளியர்டைப் என்ற எழுத்து அமைப்பைத் திறந்து சரிசெய்துகொள்ளலாம். மேக் வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி 2018இல் வந்த மொஹாவே பதிப்போடு போய்விட்டது; அவர்களுக்கு அடர்த்தி குறைந்த திரை இன்னும் மங்கலாகத்தான் தெரியும்.

மகனின் விளையாட்டுக்கு வருவோம். ஹெர்ட்ஸ் என்பது விநாடிக்கு எத்தனை படம் மாறுகிறது என்பது: 60 என்றால் ஒரு படம் 16.7 மில்லிவிநாடி நிற்கும், 144 என்றால் 6.9. எம்எஸ் என்று போட்டிருப்பது ஒரு புள்ளி நிறம் மாற எடுக்கும் நேரம். இரண்டும் வேறு. பெட்டியில் இருக்கும் 1 எம்எஸ் பெரும்பாலும் மிகச் சாதகமான மாற்றத்தில், மின்னழுத்தத்தை எக்கித் தள்ளும் ஓவர்டிரைவ் உச்சத்தில் எடுத்தது. அதே உச்சத்தில் வைத்து விளையாடினால் ஓடும் உருவத்தின் பின்னால் வெளிறிய நிழல் ஒட்டிக்கொண்டு ஓடும். விஏக்கு ஒரு தனி நோய் உண்டு: கறுப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாறுவதற்குத்தான் அதன் மூலக்கூறுகள் அதிகம் தயங்கும். இருட்டுக் காட்சியில் மை கலைந்தது போல ஓர் இழுவை தெரியும். விளையாட்டில் மட்டுமல்ல, கறுப்புப் பின்னணியில் எழுத்தை உருட்டினாலும் தெரியும். உயர்ந்த விலை விஏக்களில் இது வெகுவாகக் குறைந்திருக்கிறது. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் விலையில் குறைந்திருக்கும் என்று நம்பாதீர்கள். பையனிடம் பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ இருந்தால் 120 ஹெர்ட்ஸுக்கு மேல் கொடுக்கும் காசு வீண்.

கண்ணுக்கு எது நல்லது என்றும் ஓர் ஓரமாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் கண் மருத்துவன் இல்லை. கண் எரிச்சல் வாரக்கணக்கில் நீடித்தால் மானிட்டர் மாற்றுவதற்கு முன் கண்ணைக் காட்டுங்கள். எனக்குத் தெரிந்தவரை உறுதியானது: திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது, கண் காய்கிறது. நீல ஒளி தடுக்கும் கண்ணாடி வில்லைகளைப் பற்றி 2023இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. குறுகிய காலத்தில் அவை கண் சோர்வைக் குறைத்ததற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. அதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். சந்தேகத்துக்குரியது மினுமினுப்பு. சில மலிவுத் திரைகள் வெளிச்சத்தைக் குறைக்க விளக்கை விநாடிக்குப் பல நூறு தடவை அணைத்து ஏற்றும். அது நடக்கிறது என்பது உண்மை. தலைவலி தருமா என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. என் மனைவிக்கு வரும், எனக்கு வராது. வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, வெள்ளைப் பக்கத்தின் முன் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பாருங்கள். மங்கலான ஒரே விசிறியாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் அந்தத் திரை மினுக்குகிறது. இதையெல்லாம் விட அதிகம் உதவுவது இலவசமானது. திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, இரண்டும் ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை திரையைக் குறையுங்கள். கடை விளக்குக்காக ஏற்றி அனுப்பிய வெளிச்சத்திலேயே வருடக்கணக்கில் வேலை செய்பவர்களை எவ்வளவோ பார்த்திருக்கிறேன்.

வெளிச்சமும் இருட்டும் இன்னும் நன்றாகப் பிரிந்து தெரியும் என்று சொல்லும் எச்டிஆர் 400 என்ற ஒட்டுத்தாளுக்கு ஒரு வெள்ளிகூட அதிகம் கொடுக்க வேண்டாம். பின்விளக்கைப் பகுதி பகுதியாக அணைக்கும் வசதி இல்லாமலே அந்தச் சான்று கிடைத்துவிடும்.

நான் வாங்கினால் ஐபிஎஸ், 1440. மேசை சன்னலுக்கு எதிரே இல்லாமல், சன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் வரும்படி திருப்பிப் போடுவேன். மகன் மட்டுமே, அதுவும் விளக்கணைத்த அறையில், படமும் விளையாட்டும் பார்ப்பதற்கு என்றால் என் பதில் விஏ என்று மாறியிருக்கும். நான் சொல்ல முடியாத ஒன்று உண்டு: ஒரே மாடலில் இரண்டு பெட்டி திறந்தால் ஒன்றின் மூலையில் ஒளி கசியும், மற்றதில் கசியாது. அது அந்தப் பெட்டியின் அதிர்ஷ்டம். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே செத்த புள்ளிக்கும் ஒளிக்கசிவுக்கும் மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். ஓரிரு புள்ளி செத்திருப்பதைப் பல தயாரிப்பாளர்கள் குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை. சிம் லிம் ஸ்குவேரோ ஃபுனானோ, எங்கே போனாலும் நீங்கள் திருத்தும் தமிழ்ப் பக்கம் ஒன்றைப் பிடிஎஃப்பாக விரலியில் கொண்டுபோய்த் திறந்து காட்டச் சொல்லுங்கள். கடையில் ஓடும் மீன்தொட்டிப் படத்தில் எந்தத் திரையும் அழகுதான்.

வீட்டுக்கு வந்த முதல் இரவே விளக்கணைத்து முழுக் கறுப்பும், பிறகு முழு வெள்ளையும் போட்டுப் பாருங்கள். 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கும், குறையுள்ள பொருளுக்கான லெமன் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும்; இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பாடு. கேரசல் என்ற இணையச் சந்தையில் தனி ஆளிடம் வாங்கினால் அந்தக் காப்பு கிடையாது. வெள்ளைத் திரையில் ஒரு புள்ளி நகர்ந்தால் பயப்படாதீர்கள், நம் ஊர்ச் சிற்றெறும்பு வெளிச்சத்தையும் கதகதப்பையும் தேடி உள்ளே போயிருக்கும். விரலால் மட்டும் அழுத்திவிடாதீர்கள். அங்கேயே நசுங்கி, பிரித்தாலொழிய போகாத கறையாகிவிடும். திரையை அணைத்து, பக்கத்தில் மேசைவிளக்கை ஏற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.